வாசலுக்கு நேரே காய்ந்த நெல்

டக்.

முன்னறையில் பெட்டி அடித்தது. குசினியில் குந்தியிருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்த கண்ணகையின் கை தானாக நின்றது. மூச்சு விடும் நேரம் கழித்து மறுபடியும், டக், டக். சேர்ந்தாற்போல இரண்டு அடித்தால் அது ட்ரெய்லர் கொளுவிய ட்ரக்டர். ஒன்று மட்டும் அடித்தால் ஆட்டோவாக இருக்கும், வேனாக இருக்கும், மட்டக்களப்புக்குப் போகும் காலை பஸ்ஸாக இருக்கும். மோட்டார் சைக்கிளைச் சில வேளை எண்ணும், சில வேளை விட்டுவிடும். சைக்கிள் எத்தனை போனாலும் பெட்டி வாய் திறக்காது.

அவள் எண்ண வேண்டிய தேவையே இல்லை. எண்ணுவதற்குத்தான் பெட்டி இருக்கிறது. ஆனால் காது கேட்கும்வரை மனம் எண்ணத்தானே செய்யும். ஒவ்வொரு டக்குக்கும் தன் வீட்டுச் சுவரிலிருந்து ஒரு கல்லை யாரோ உருவி எடுத்துக்கொண்டு போவது போல அவளுக்கு இருந்தது. காலையிலிருந்து இருநூறு கல் போயிருக்கும்.

அவள் மீண்டும் தேங்காயைத் திருவத் தொடங்கினாள். சம்பலுக்கு இவ்வளவு போதும். ஆனாலும் நிறுத்த மனம் எழவில்லை. நாற்பத்தேழு வயதில் எந்தக் காரியத்தைத் தொடங்கவும் அவளுக்குச் சோம்பலாக இருந்தது. தொடங்கியதை நிறுத்தவும் அப்படியே.

அந்தப் பெட்டி வந்து பத்து நாளாகியிருந்தது. யுத்தம் முடிந்து எட்டு மாதம் கழிந்த ஒரு தை மாதக் கடைசியில், வவுணதீவு வீதியில் அவள் வாசலுக்கு நேரே நாலு பேர் வந்து நின்று, சக்கர வாளால் தாரை அறுத்தார்கள். ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு நீள்சதுரமாக அறுத்து, அந்தப் பிளவுக்குள் கம்பியை மூன்று சுற்றுச் சுற்றிப் புதைத்து, மேலே உருக்கிய தாரை ஊற்றி மூடினார்கள். கம்பியின் வாலைக் குழாய்க்குள் விட்டு, அவள் சுவரில் துளை போட்டு, முன்னறைக்குள் இழுத்தார்கள். அங்கே ஒரு சாம்பல் நிறப் பெட்டி. அதன் நெற்றியில் உருளும் இலக்கங்கள். பக்கத்தில் ஒரு கார் பற்றறி.

முதலில் பெட்டியை வேறோர் இடத்தில் வீதியோரக் கம்பத்தில்தான் பூட்டினார்களாம். இரண்டாம் நாளே பற்றறியைக் காணவில்லை. அதனால் வீதிக்கு ஆகக் கிட்ட இருக்கிற வீட்டைத் தேடி வந்திருந்தார்கள். ஆகக் கிட்ட இருந்த வீடு கண்ணகையின் வீடு.

வீதிக் கந்தோரிலிருந்து வந்த உத்தியோகத்தர் உசனார், ஏறாவூர்க்காரர். நாற்பது வயதிருக்கும். சட்டைப் பையில் எப்போதும் மூன்று பேனை. அவர்தான் விளக்கினார்.

"வாகனமொண்டு இந்தக் கம்பிக்கு மேலால போனா இதுக்குத் தெரிஞ்சிரும் அக்கா. இரும்பு வந்தா முழிச்சிக்கும்."

வேடிக்கை பார்க்க வந்து நின்ற அழகரத்தினம் விடவில்லை. அவர் பக்கத்து வளவுக்காரர், வீதிக்கு அங்கால வயல் வட்டையில் நாலு ஏக்கர் வேளாண்மை செய்பவர்.

"என்ட எருமைக்குக் கழுத்துல இரும்புச் சங்கிலி கிடக்கு. அதயும் எண்ணுமா?"

"எண்ணா, அண்ணன்."

"சைக்கிள்?"

"சைக்கிளும் எண்ணா."

"முக்காவாசிப் பேர் சைக்கிள்ல போற ஊருல வந்து சைக்கிள எண்ணாத பெட்டிய வச்சிட்டு, ஆக்கள் இல்ல எண்டு எழுதப் போறீங்க. நல்ல கந்தோர்."

எல்லாரும் சிரித்தார்கள். உசனாரும் சிரித்தார். கண்ணகை மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். போன மாதம் அளவைக்காரர்கள் வந்து அந்தச் சுவரில் சிவப்பு மையால் ஒரு கோடும் ஒரு இலக்கமும் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு அவள் கேட்டாள். "இது என்னத்துக்கு எண்ணுற, சேர்?"

உசனார் மறைக்கவில்லை. அவருக்கு மறைக்கத் தெரியாது. "முப்பது நாளைக்கு எண்ணுவம். நாளைக்கு ஐந்நூறு வாகனம் எண்டு சராசரி வந்தா இந்த றோட்ட அகலமாக்குவாங்க. பத்தடித் தார் இருபதடியாகும்."

"வராட்டி?"

"வராட்டி இன்னும் அஞ்சாறு வருஷத்துக்கு இந்தப் பக்கம் ஆரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க."

"அகலமாக்கினா என்ட வீடு?"

அவர் சிவப்புக் கோட்டைப் பார்த்தார். பிறகு கீழே பார்த்தார். கோடு போட்ட சுவர் போகும் என்று அவளுக்கு விளங்கியது.

வேறொருத்தியாக இருந்தால் அந்த இடத்திலேயே மண்ணை அள்ளித் தூற்றியிருப்பாள். பெட்டியைத் தூக்கி வாய்க்காலுக்குள் எறிந்திருப்பாள். கண்ணகை கேட்டது ஒன்றே ஒன்று. "பெட்டிய எந்த மூலைல வைக்கப் போறீங்க? அந்த மூலை மழைக்கு ஒழுகும்."

தினமும் காலை ஆறு மணிக்கு இலக்கத்தைப் பார்த்துக் கொப்பியில் எழுதி வைக்கச் சொல்லிவிட்டு உசனார் போனார். அவளும் எழுதினாள். ஐந்நூற்று முப்பது. ஐந்நூற்று நாற்பத்தொன்று. ஐந்நூற்று இருபத்தெட்டு. தன் கையாலேயே எழுதினாள்.

இது அவளுக்கு மூன்றாவது வீடு.

முதலாவது வீடு நாவலடியில் இருந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் கைக்குட்டை விரித்தது போல மணல். அங்கேதான் திவாகரனைக் கட்டி வாழ்ந்தாள். மீன்பிடிகாரன். கோபக்காரன். ஆனால் மகள் விதுர்ஷாவின் முன்னால் மட்டும் அவன் குரல் தணிந்துவிடும். ஒவ்வொரு தைப்பொங்கலன்றும் மகளைக் கதவோடு சேர்த்து நிறுத்தி, தலைக்கு மேலே கத்தியால் ஒரு வெட்டு வெட்டி வைப்பான். "இந்த முறை நாலு விரல் வளந்திருக்காள்" என்று ஊருக்கெல்லாம் சொல்வான். அந்த நீலக் கதவில் மூன்று வெட்டுகள் இருந்தன. நாலாவதுக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தபோது கடல் வந்தது.

அன்று கண்ணகை நாவலடியில் இல்லை. அவளுடைய தாய் இறந்து ஒரு வருடம். ஆட்டைத் திவசத்துக்காக முந்தின நாளே வவுணதீவுக்கு வந்திருந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதால் தகப்பனோடு விட்டுவிட்டு வந்தாள். "நாளைக்குப் பகல் வந்திருவன்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வாவிக்கு இந்தப் பக்கம் நின்றவர்களுக்கு முதலில் ஒன்றுமே தெரியவில்லை. தண்ணீர் நிறம் மாறியதென்றார்கள். பிறகு கூரைகள் மிதந்து வந்தன.

திவாகரனை நாலாம் நாள் எடுத்தார்கள். விதுர்ஷாவை எடுக்கவேயில்லை. பதினாறாம் நாள், வாவிக்கரைக் கண்டல் மரங்களுக்குள் ஒரு நீலக் கதவு செருகிக் கிடப்பதாக ஒருவர் வந்து சொன்னார். கண்ணகை இடுப்பளவு சேற்றில் இறங்கிப் போய் வெட்டுகளைத் தடவிப் பார்த்தாள். மூன்றும் இருந்தன. அவள் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுத அழுகையைக் கேட்டவர்கள் இன்றைக்கும் அதைப் பற்றிக் கதைக்க விரும்புவதில்லை.

தாய்வழி வந்த சீதனக் காணி வவுணதீவில் இருந்தது. அங்கே ஒரு தொண்டு நிறுவனம் இரண்டாவது வீட்டைக் கட்டிக் கொடுத்தது. நிலைக்கு அந்தக் கதவு பொருந்தவில்லை. ஒரு விரல் பெரிது. புதுக்கதவு தருகிறோம் என்றார்கள். அவள் மறுத்துவிட்டாள். அன்றிலிருந்து கதவை மூடுவதென்றால் கைப்பிடியைப் பிடித்துச் சற்றே மேலே தூக்கி, தோளால் தள்ள வேண்டும்.

இரண்டாயிரத்து ஏழில் ஷெல் விழுந்தது. ஊரோடு ஓடினாள். ஓடுகிறபோது எல்லாரும் சட்டி பானையை எடுத்தார்கள். கண்ணகை கதவைக் கழற்றிச் சைக்கிள் கரியரில் குறுக்கே கட்டிக்கொண்டு உருட்டிப் போனாள். "கதவிருக்கு, வீடெங்க?" என்று பள்ளிக்கூட அகதி முகாமில் பெண்கள் கேலி செய்தார்கள். பிறகு அந்தக் கதவில்தான் அவர்களுடைய பிள்ளைகளும் நித்திரை கொண்டன. நிலம் ஈரம்.

திரும்பி வந்தபோது இரண்டு சுவர்தான் நின்றன. மற்றச் சுவர்களை அவளே மெல்ல மெல்ல எழுப்பினாள். காலையில் இடியப்பம் அவித்து வீதியால் போகிறவர்களுக்கு விற்றாள். மாலையில் கல் அடுக்கினாள். தகரம் போட்டாள். கதவைக் கொளுவினாள். அதுதான் மூன்றாவது வீடு. இனி ஒன்றைக் கட்ட அவள் கையில் சீவனில்லை. அதை அவள் யாரிடமும் சொல்லவுமில்லை. யாரும் கேட்கவுமில்லை.

பதினோராம் நாள் பின்னேரம் அழகரத்தினம் வந்தார். வயலில் வெட்டு முடிந்திருந்தது. சூடடித்த நெல் ஈரம்.

"கண்ணகை, களத்துல தண்ணி ஊறுது புள்ள. றோட்டுலதான் காயப் போடணும். உன்ட வளவுக்கு அங்கால, அந்த வளைவுல போடட்டா?"

எங்கள் பக்கத்தில் இது ஒரு வழக்கம். தார் வீதியை விடச் சூடான களம் கிடையாது. நெல் பரப்பியிருந்தால் எந்த வண்டியும் அதன்மேல் ஏறாது. பஸ்காரன் இறங்கிப் போவான். ஆமிக்காரனின் ட்ரக் வண்டிகூட அந்த நாளில் கரையால் இறங்கித்தான் போனது. நெல்லின்மேல் சில்லு ஏற்றுகிறவன் உருப்பட மாட்டான் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பத்தடித் தாரில் நெல் பரப்பினால் மிச்சம் இருப்பது கிறவல், அதாவது சரளை மண் போட்ட, கரை மட்டும்தான்.

கண்ணகை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே பெட்டி அடித்தது. டக்.

"வளைவுல மர நிழல் விழும் அண்ணன்" என்றாள். தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. "என்ட வாசலுக்கு நேர போடுங்க. இவடத்த. நல்ல வெயில். நானும் பாத்துக்குவன், மாடு வந்தா துரத்துவன்."

கை நீட்டிக் காட்டினாள். தாரில் நீள்சதுரமாக மூடிய தழும்பு தெரிந்த அதே இடத்தை.

"நீ நல்லா இருப்பாய்" என்றார் அழகரத்தினம்.

மறுநாள் வெயில் ஏறியதும் நெல் விரிந்தது. பொன் நிறத்தில், கை விரித்து அளந்தால் ஐம்பது பாகம் நீளம். வந்த வண்டியெல்லாம் வேகத்தைக் குறைத்து, கரையில் இறங்கி, வாய்க்கால் ஓரமாக ஊர்ந்து போய், மறுபக்கம் ஏறின. பெட்டி அடிக்கவில்லை. காலையில் நெல் விரிக்க முன்னும், மாலையில் அள்ளிய பின்னும் மட்டும் அடித்தது. பகல் முழுவதும் வீடு ஊமையாக இருந்தது. கண்ணகை பாயை விரித்துப் படுத்தாள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு பகலில் நித்திரை வந்தது.

கொப்பியில் நூற்று ஐம்பத்திரண்டு என்று எழுதினாள். மறுநாள் நூற்று நாற்பத்தாறு. நாலு ஏக்கர் நெல்லையும் அழகரத்தினம் பங்கு பங்காகக் கொண்டுவந்து காயவைத்தார்.

தப்பென்று தோன்றவில்லையா என்று கேட்பீர்கள். தோன்றியது. ஆனால் களைத்த உடம்புக்கு மனச்சாட்சி கொஞ்சம் தள்ளியிருந்துதான் கதைக்கும்.

நெல் விரிக்கத் தொடங்கிய ஒன்பதாம் நாள், பின்னேரம் மூன்று மணி இருக்கும்.

அழகரத்தினம் பலகையால் நெல்லைக் கிளறிக்கொண்டு நின்றார். மேற்கேயிருந்து ஒரு ஆட்டோ பறந்து வந்தது. ஓட்டியவன் பிரதீஸ், அதே ஊர்ப் பையன். பின்னால் அழகரத்தினத்தின் மருமகள் தக்ஷாயினி. எட்டு மாதம் முடிந்து ஒன்பது தொடங்கிய வயிறு. பக்கத்தில் அவளைத் தாங்கிப் பிடித்தபடி மாமியார் சின்னத்தங்கம். தக்ஷாயினியின் புருசன் கட்டாரில். நாள் இன்னும் இருக்கிறது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். வலி நாளைப் பார்க்கவில்லை.

தூரத்திலேயே மனைவியின் முகத்தைக் கண்ட அழகரத்தினத்துக்கு விளங்கிவிட்டது. பலகையை எறிந்துவிட்டு நெல்லுக்கு நடுவில் நின்று இரண்டு கையையும் வீசினார்.

"மேலால ஏத்துடா. நெல்லுக்கு மேலால விடு, நான் சொல்றன், ஏத்து."

பிரதீஸுக்குக் கேட்டது. அவன் ஏற்றத்தான் நினைத்தான். ஆனால் கை கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து பழகிய கை. நெல்லின் ஓரத்துக்கு வந்ததும் தானாகத் திரும்பிவிட்டது. ஆட்டோ கரையில் இறங்கியது. ஒன்பது நாள் வண்டிகள் இறங்கி ஏறி அந்தக் கரையின் கிறவல் இளகிக் கிடந்தது. ஒரு சில்லு புதைந்தது. ஆட்டோ மெதுவாக, மிக மெதுவாக, வாய்க்கால் பக்கம் சரிந்து படுத்தது.

கண்ணகை நித்திரையிலிருந்து எழுந்து ஓடினாள். நாலு பேருமாகத் தக்ஷாயினியை வெளியே எடுத்தார்கள். ஆட்டோவை நிமிர்த்த நேரமில்லை.

"வீட்டுக்குள்ள கொண்டு வாங்க" என்றாள் கண்ணகை.

முன்னறையில், பெட்டிக்குப் பக்கத்தில், கண்ணகை படுத்திருந்த அதே பாயில் அந்தப் பிள்ளை பிறந்தது. சின்னத்தங்கம்தான் பார்த்தாள். கண்ணகை தக்ஷாயினியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். "ஏலா மாமி, ஏலா" என்று தக்ஷாயினி முனகிக்கொண்டே இருந்தாள். பிள்ளை வந்தது. பெண். வந்ததும் அழவில்லை. சின்னத்தங்கம் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினாள். அந்த இடைவெளியில் கண்ணகை ஒரு சத்தத்துக்காக ஏங்கினாள். எந்தச் சத்தமானாலும் சரி. பெட்டிகூட அடிக்கவில்லை. பிறகு, பூனைக்குட்டி போல, ஒரு அழுகை.

ஆனால் இரத்தம் நிற்கவில்லை.

"ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போகாட்டி இவள் தங்க மாட்டாள்" என்றாள் சின்னத்தங்கம், தாழ்ந்த குரலில்.

நெல் மூட்டை ஏற்றிய ஒரு ட்ரக்டர் பின்னால் வந்து நின்றிருந்தது. மூட்டைகளை இறக்கினார்கள். தக்ஷாயினியை எதில் வைத்துத் தூக்குவது? துணியில் தூக்கினால் உடம்பு மடங்கும்.

"கதவக் கழட்டுங்க" என்றாள் கண்ணகை.

அழகரத்தினம் அவளைப் பார்த்தார். அந்தக் கதவின் கதை ஊருக்குத் தெரியும். அவள் அவருக்காகக் காத்திருக்கவில்லை. தானே போய்த் தூக்கி, பிணைச்சலிலிருந்து எடுத்து, வெட்டுகள் இருந்த பக்கம் மேலே வரும்படி தரையில் கிடத்தினாள். ஆறு வருடத்துக்கு முன் விதுர்ஷா நிமிர்ந்து நின்ற பலகையில் தக்ஷாயினியைப் படுக்க வைத்து, ட்ரெய்லரில் ஏற்றினார்கள். பிள்ளையை அணைத்துக்கொண்டு சின்னத்தங்கமும் ஏறினாள்.

ட்ரக்டர்காரன் நெல்லைக் கண்டு தயங்கினான். இந்த முறை அழகரத்தினம் சத்தம் போடவில்லை. முன் சில்லுக்கு நேரே குனிந்து, தன் நெல்லைக் கையால் தொட்டுக் கும்பிட்டார். பிறகு விலகி நின்று தலையை அசைத்தார். ட்ரக்டர் நெல்லின்மேல் ஏறியது.

கதவில்லாத வீட்டுக்குள், இரத்தம் பட்ட கையோடு நின்ற கண்ணகைக்குக் கேட்டது.

டக். டக்.

மறுநாள் மத்தியானம் அழகரத்தினம் கதவைக் கொண்டுவந்தார். வாவியில் கழுவியிருந்தார். ஆனாலும் மரத்தின் ரேகைக்குள் ஒரு கறுப்பு மிஞ்சியிருந்தது. அவரே பிணைச்சலில் கொளுவினார்.

"ரெண்டு உசிரும் தப்பிட்டு. நாலு போத்தல் ரத்தம் ஏத்தினயாம். பத்துப் பன்ரெண்டு நாள் வச்சிருப்பாங்களாம்."

கண்ணகை தலையாட்டினாள்.

"என்ட நெல்லாலதான் வந்த" என்றார். அவருடைய முகம் ஒரே இரவில் கிழடுதட்டிப் போயிருந்தது. "வளைவுல போட்டிருந்தா அவடத்த கரை நல்ல கல்லு. நான்தான் பாவி."

"அண்ணன், நான்தானே இவடத்த போடச் சொன்ன."

"நீ நல்லதுக்குத்தானே சொன்ன புள்ள. நிழல் விழும் எண்டு." அவர் கதவைத் தட்டிப் பார்த்தார். "இன்னும் ஒரு விரல் பெரிசாத்தான் இரிக்கி. சீவி விடட்டா?"

"வேணா."

அவர் போன பிறகு அவள் சுவரோடு சாய்ந்து அமர்ந்தாள். அழலாம் என்று பார்த்தாள். வரவில்லை. நெல்லை அவர் முந்தின நாளே அள்ளிக்கொண்டு போய்விட்டிருந்தார். பெட்டி பழையபடி அடிக்கத் தொடங்கியிருந்தது. டக். டக். முன்பு சுவரிலிருந்து கல் உருவுகிற சத்தமாகக் கேட்டது. இப்போது வேறாகக் கேட்டது. போகிற வண்டிக்குள் யார் எந்த வலியோடு இருக்கிறார்களோ என்று நினைக்க வைத்தது. நித்திரை போய்விட்டது.

முப்பதாம் நாள் பின்னேரம் உசனார் மோட்டார் சைக்கிளில் வந்தார். இலக்கத்தைக் குறித்தார். பெட்டியை நிறுத்தினார். கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கூட்டினார். கண்ணகை பிளேன்ரீ வைத்தாள்.

"பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். முப்பதால பிரிச்சா நானூத்தி இருபத்தி மூணு." அவர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் ஒரு மெல்லிய வெளிச்சம் இருந்தது. "ஐந்நூறு வரல்ல, அக்கா."

"ம்."

"உங்கட வீடு தப்பிட்டு."

அவர் பக்கத்தைப் புரட்டி, ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"இந்த ஒம்பது நாளும் ஏன் இப்பிடிக் குறைஞ்சிரிக்கி? வெட்டுக் காலந்தானே. ஆக்கள் வயலுக்குள்ள நிண்டிருப்பாங்க. அப்பிடியே எழுதிர்றன்."

வெட்டுக் காலத்தில் வீதியில் ட்ரக்டர் கூடுமே தவிரக் குறையாது. ஏறாவூரில் பிறந்தவருக்கு அது தெரியாமல் இருக்காது. அவர் கண்ணகையைப் பார்க்காமல், பேனையை எடுத்துக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலைத் திறந்து வைத்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பவர் போல இருந்தார்.

"அது நெல் காஞ்ச, சேர்."

பேனை நின்றது.

"என்ட வாசலுக்கு நேர. கம்பிக்கு மேல. வாகனமெல்லாம் கரையால இறங்கிப் போன. அவர் வேற இடத்துலதான் போடக் கேட்டார். நான்தான் இவடத்த போடச் சொன்ன."

"அக்கா, நான் அதக் கேக்கல்ல."

"நீங்க கேக்கல்ல. நான் சொல்றன்."

உசனார் பிளேன்ரீயை எடுத்தார். குடிக்காமல் வைத்தார். "நான் இத எழுதினா அந்த ஒம்பது நாளயும் திரும்ப எண்ணணும். உங்களுக்கு விளங்குதா?"

"எண்ணுங்க."

"எண்ணினா ஐந்நூறு தாண்டும்."

"தெரியும். நான்தானே ஒவ்வொரு நாளும் எழுதின."

"மறுகா ஏன்?" அவர் குரல் உடைந்திருந்தது. கோபம் போலவும் இருந்தது. "சும்மா இருந்திருக்கலாமே. நான் கையெழுத்து வச்சிட்டுப் போயிருப்பன். ஒருத்தருக்கும் தெரிஞ்சிராது."

கண்ணகை பாயைப் பார்த்தாள். கழுவிச் சுருட்டி மூலையில் சாத்தி வைத்திருந்த பாய்.

"இதுலதான் ஒரு புள்ள பிறந்த, தம்பி. றோட்டு அகலமா இருந்திருந்தா ஆசுப்பத்திரியில பிறந்திருக்கும். தாய்க்காரிக்கு நாலு போத்தல் ரத்தம் ஏத்தின. அடுத்த முறை ஆரோ தெரியா. ட்ரக்டர் நிக்குமோ தெரியா." மூச்சு வாங்கினாள். "பெட்டி அடிக்காம இருந்த நாளெல்லாம் நல்லா நித்திரை கொண்டன். இப்ப அடிச்சாலும் நித்திரை இல்ல, நிண்டாலும் நித்திரை இல்ல. எனக்குக் களைப்பா இரிக்கி. இத எழுதி முடிங்க."

உசனார் பேனையின் மூடியைப் பூட்டி, திரும்பவும் கழற்றினார். பிறகு எழுதினார். இரண்டு வரிதான். நெல் காயப் போட்ட காரணத்தால் ஒன்பது நாள் எண்ணிக்கை செல்லாது, மீள எண்ணப்படும் என்று. கீழே திகதி போட்டார். எழுந்து போய்ப் பெட்டியின் கம்பியை மீண்டும் பொருத்தினார். இலக்கங்கள் சுழன்று பூச்சியத்தில் வந்து நின்றன.

வாசலில் செருப்பைப் போடும்போது அவர் கதவைப் பிடித்தார். விரல் வெட்டுகளில் பட்டது.

"இது என்ன வெட்டு?"

"உயரம்."

"ஆர்ட?"

"அஞ்சாறு வயசுப் புள்ளைட."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. ஐந்து வருடமாக இந்தக் கரையில் யாரும் அப்படியான இடத்தில் மேற்கொண்டு கேட்பதில்லை.

"தம்பி" என்றாள் கண்ணகை. "இடிக்க வாறதுக்கு முதல் நாள் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லி விடுங்க. கதவக் கழட்டணும்."

"நானே வாறன், அக்கா. நானே வந்து கழட்டித் தாறன்."

அவர் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார். கண்ணகை நிலையில் நின்று காத்திருந்தாள், உள்ளே ஒரு டக் கேட்குமென்று. அவர் வீதியில் ஏறவில்லை. தாரில் இருந்த நீள்சதுரத் தழும்பைத் தொடாமல், கரையோடு ஊர்ந்து, வாய்க்கால் ஓரமாகச் சுற்றிப் போய், வளைவு தாண்டித்தான் வீதியில் ஏறினார்.

கண்ணகை கைப்பிடியைப் பிடித்தாள். கதவைச் சற்றே மேலே தூக்கி, தோளால் தள்ளி, மூடினாள்.